ஓடாத தறிக்கு எண்ணெய்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்பதுதான் இப்போது என் பயம். நாளைக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்து, எப்போது படுத்தார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டால், ஒருத்தரிடம் ஒன்றும் இன்னொருத்தரிடம் வேறொன்றும் சொல்லி வைப்பேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். முன்னால் நடந்ததை முன்னாலும் பின்னால் நடந்ததைப் பின்னாலும் வைத்துச் சொல்ல எனக்கு வராது. பக்கத்து வீட்டு ருக்குமணியும் அப்படித்தான் சொல்லி வைத்தாள். அவள் வீட்டுக்காரர் நல்லுசாமி போன மாசம் இதேபோல மத்தியானம் சோறு தின்றுவிட்டுத் தறிகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்களிடம் அவள் முதலில் ரசஞ்சோறு என்றாள், பிறகு மோர்ச்சோறு என்றாள், நெஞ்சைப் பிடித்தார் என்றாள், இல்லை இல்லை, தோள்பட்டையைத்தான் தேய்த்துக்கொண்டார் என்றாள். பந்தலில் உட்கார்ந்திருந்த நல்லுசாமியின் தங்கச்சி, "எங்கண்ணன் என்ன தின்னுதுன்னு கூடத் தெரியாத வீட்லதான் இத்தன வருசம் குடும்பம் பண்ணியிருக்குது" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். ருக்குமணி அதற்கு அழவில்லை. யோசித்தாள். ரசமா மோரா என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து நான் எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. என் வீட்டுக்காரர் தின்றது ஒரே ஒரு கரண்டி சோறு. இரண்டாவது போடப்போனபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார், இப்போது மல்லாந்து கிடக்கிறார். கடைசியாகச் சொன்னது "அந்த ஜன்னலச் சாத்து புள்ள, வெயில் மூஞ்சில அடிக்குது." அதைக் கடைசியாகச் சொன்னது என்று ஏன் சொல்கிறேன், வாயைக் கழுவ வேண்டும். எழுந்து வேறு ஏதாவது சொல்வார். டீ வை என்பார். நான் வாசற்படி ஓரம் சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரையை மடியில் வைத்து உருவிக்கொண்டிருக்கிறேன், உருவுகிற மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன், கண் எல்லாம் அவர் பனியன் மேல்தான். பனியன் ஏறி இறங்குகிறது. ஆனால் ஃபேன் ஓடுகிறது. தறி மேல் தொங்குகிற பிசிறும் அசைகிறது, நாள்காட்டியும் அசைகிறது, பனியனும் அசைகிறது. எது காற்று எது மூச்சு என்று இங்கிருந்து தெரியவில்லை. ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும். நிறுத்தினால் வேர்த்து எழுந்துகொள்வார், எழுந்து, மனுசனை மத்தியானமாவது தூங்க விட மாட்டியா என்பார். எழுந்தால் நல்லதுதானே. எழாவிட்டால். ஃபேனை நிறுத்தி, அதற்கப்புறமும் எழாவிட்டால். அதனால் நிறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அமைதிதான் எனக்கு ஆகவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் இருந்தவள் நான். பால் குடித்ததும் தூங்கியதும் இவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள், நாங்கள் அதற்குள்ளேயே ரகசியம் பேசுவோம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் யாரும் ஓடிவந்து சொல்ல வேண்டியதில்லை. விழுந்த வீட்டில் தறியை நிறுத்துவார்கள். ஒட்டுச் சுவர் அதிர்வது நின்றதும் அடுத்த வீட்டில் நிறுத்துவார்கள், அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு, அப்படியே தெருக்கோடி வரைக்கும் போகும். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும், சாவென்றால் ஒவ்வொன்றாக நிற்கும். வித்தியாசம் தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. ஆம்பளைகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்து, அந்தப் பக்கமாக நடப்பார்கள். இந்த மாசியில் முதலாளிமார்கள் தறியில் ஏற்றுகிற பாவு நூலைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நூல் விலை ஏறிவிட்டது, துணியை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, வடக்கே சரக்கு தேங்கிக் கிடக்கிறது, கப்பல் போகவில்லை, என்னென்னவோ சொன்னார்கள். பாவு இல்லாமல் தறியில் எதை நெய்வது. ஒவ்வொரு வீடாக நின்றது. சாவுக்கு நிற்கிற மாதிரியே ஒவ்வொன்றாக, ஆனால் யாரும் துண்டை உதறிக்கொண்டு வரவில்லை. நல்லுசாமி செத்தது அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. ருக்குமணிக்கே தெரியவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து வாசலில் என்னோடு உட்கார்ந்து, அவள் நாத்தனார் சீமந்தத்துக்குக் கூப்பிட்ட விதம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தாள். நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறார். டீ வைத்து எழுப்பப் போனபோதுதான். பிறகு எல்லோரும் வந்து நின்றார்கள், வழக்கப்படி நிறுத்துவதற்கு ஒரு தறி இல்லை. இவர் எங்கள் தறிப் பட்டறைக்குள் வந்து சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. பிறகு வெளியே போனார். நல்லுசாமிக்கு முன்னால் கோயில் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு முன்னால் நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங்கில் வேலை பார்த்த பையன், பையன் என்றால் கல்யாணமானவன், முப்பத்தைந்து இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டே சாய்ந்தான். டீக்கடையில், "நம்ம தெருவுல இப்ப ஓடறது ரெண்டுதான்டா, ஒண்ணு நாய், இன்னொண்ணு ஆம்புலன்ஸ்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். இவர் வந்து அதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டார். தடவிக்கொண்டாரா, பனியனை இழுத்து விட்டாரா. இதோ, இதைத்தான் சொல்கிறேன். இப்படித்தான் தப்பாகும். இரவெல்லாம் எனக்குக் காதுக்குள் தொம் தொம் என்று கேட்கிறது. முதலில் தூரத்தில் எங்கோ ஒரு தறி ஓடுகிறது, யாருக்கோ பாவு கிடைத்துவிட்டது என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். அது என் நெஞ்சுதான். இத்தனை வருசமாக அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இப்போது தெரு முழுக்கப் படுத்துக்கொண்டு அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் போல.

மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நான் இப்படி உட்கார்ந்து பனியனைப் பார்க்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்குகிற மாத்திரைகூட இல்லை, சர்க்கார் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுப்பது. பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்து மூணு நாலு வருசமாகிறது. தறி ஓடும்போது விடிந்ததும் பல்லை விளக்கி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போடுவார், எல்லாம் ஒரே கையோட்டம். தறி நின்ற மறுநாள் நான் தண்ணீரையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போனபோது, "ஓடாத தறிக்கு எதுக்குப் புள்ள எண்ணெ" என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். "வெளையாடாதீங்க, புடிங்க" என்றேன். "வெளையாட்டில்ல. சும்மா நிக்கற தறிக்கு எண்ணெ விட்டா என்ன ஆகும், வடிஞ்சு கீழ நிக்கும், மறுக்கா ஓடறப்ப துணியெல்லாம் கறை. ஒடம்பும் அப்படித்தான். ஓடறப்பதான் பிரஷரு. நிக்கறப்ப ஏது." அவர் ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். தெருவே அதைச் சொல்கிறது. டீக்கடையில் பேசி முடிவு பண்ணின மாதிரி எல்லா ஆம்பளைகளும் நிறுத்திவிட்டார்கள், சர்க்கரை மாத்திரைக்காரர்கள் உள்பட. தறிக்காரனுக்கு அது நியாயமாகப் படுகிறது. எனக்குமே முதல் இரண்டு நாள் நியாயமாகத்தான் பட்டது, அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. நல்லுசாமி வீட்டில் சடங்கு முடிந்து சுத்தம் பண்ணும்போது பிரிக்காத மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறைய இருந்தன, ருக்குமணி என்னிடம் கொண்டுவந்து, "அண்ணனுக்கு ஆகுமாக்கா" என்று கேட்டாள். ஆகாது என்று சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் மூடி மூடாத அளவுக்குக் கிடக்கின்றன. மாசம் தவறாமல் நான்தான் போய் வாங்கி வருகிறேன். ஆம்பளைகள் தறியில் இருப்பார்கள் என்று பொம்பளைகள் போவது எங்கள் ஊர் வழக்கம், இப்போது தறியில் இல்லாவிட்டாலும் நாங்கள்தான் போகிறோம். நர்ஸ் தமிழரசி கேட்கும், "ஒழுங்கா போடறாராக்கா?" வரிசையில் நிற்கிற எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன், "போடறாருங் சிஸ்டர்." போன தடவை அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. "எல்லாரும் போடறாங்கன்னுதான் சொல்றீங்க. அப்பறம் ஏனுங்க்கா உங்க பக்கத்துல இருந்தே இத்தன பேரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரில பெட் பத்தலையாம். உங்கூர்ல தறி நின்னா எங்களுக்கு வேலை கூடுதுன்னு டாக்டர் சொல்றாரு. ஒடம்பு சும்மா இருந்தா ரத்தம் சும்மா இருக்குமாக்கா, கவலை என்ன லீவா போட்டிருக்குது." அப்போது சொல்லியிருக்கலாம். இல்லைங்க சிஸ்டர், போடறதில்ல, ஒருத்தரும் போடறதில்ல என்று. பின்னால் நின்றவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் அவளும் சொல்ல வேண்டி வரும். தெருவையே காட்டிக்கொடுத்தவள் ஆவேன். ஆஸ்பத்திரி நோட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால், பிறகு தறி ஓடும்போது மாத்திரைக்கு எங்கே போவது. "போடறாருங் சிஸ்டர்" என்றேன். வரும்போது வெயிலில் நடந்துகொண்டே யோசித்தேன். எண்ணெய் என்பதெல்லாம் வாய்க்குச் சொல்கிற சாக்கு. அந்த ஒரு கரண்டி சோறு எதற்கு. தட்டின் மேல் கையை வைத்து மறைப்பது எதற்கு. முன்னெல்லாம் தயிர் இல்லாமல் எழுந்திருக்க மாட்டார், இப்போது தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தி விடுகிறார். முகச்சவரம் பண்ணுவதில்லை. வேட்டியைத் துவைக்கப் போட மாட்டேன் என்கிறார், வெளியே போகாதவனுக்கு எதுக்கு வெள்ளை வேட்டி என்கிறார். ஒருநாள் மாத்திரையை நான் வாய்க்கருகில் கொண்டுபோனபோது தட்டி விடவில்லை, கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "சும்மா குந்தியிருக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு கேடா சம்பூரணம்." பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கொஞ்சம்தான். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

காலையில் இடது கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க கை" என்றேன். "ராத்திரி தலைக்கு வெச்சுப் படுத்தது" என்றார். தலைக்கு வைத்துப் படுத்தால் விரல்தானே மரக்கும், இவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அல்லது கீழேயா. ஆஸ்பத்திரிக்குப் போலாமா என்றேன். "போயி, ஒண்ணுமில்ல கேஸுன்னு சொல்லி அனுப்புவான். வேலையத்தவன் ஆஸ்பத்திரில போய் உக்காந்தா பொழுது போகாம வந்திருக்கான்னு நெனப்பாங்க" என்றார். அதற்கு மேல் பேசினால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார், அங்கே பீடி. பேசாமல் இருந்தால் இங்கேயே இருப்பார், பீடி இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது சரியா. கேட்பார்கள், கை வலிக்குதுன்னு சொன்னவரை ஏன் கூட்டிட்டுப் போகல என்று. அவர் வலிக்குதுன்னு சொல்லவேயில்லை என்பேன். பிறகு உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கீரை முழுக்க உருவியாயிற்று, வெறும் காம்பை உருவிக்கொண்டிருக்கிறேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அது எப்போது நின்றது. இப்போதா, கொஞ்சம் முன்னாலா. ருக்குமணி கதை பேசிக்கொண்டிருந்தபோது நல்லுசாமியின் குறட்டை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்ததா, அதை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பேச்சு நடுவில் அது நின்றதை என் காது கேட்டிருக்குமோ, கேட்டும் நான் சீமந்தத்துக்கு உம் கொட்டினேனோ. எழுந்தேன். கால் மரத்திருந்தது. தறியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நாலு நாள் தாடி, அதில் பாதி வெள்ளை, தறி ஓடினபோது பஞ்சுப் பிசிறு ஒட்டியிருக்கும், இப்போது இது நிஜ வெள்ளை. மூக்குக்கு நேரே விரலை வைத்தேன். காற்று படுகிறது, ஃபேன் காற்றும் படுகிறது. காதைக் கொண்டுபோய் நெஞ்சின் மேல், தொடாமல், பனியனை மட்டும் தொடுகிற மாதிரி வைத்தேன். நாலு தறி ஓடும்போது அடுப்படியில் இருந்துகொண்டே மூணாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடா இடிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். தறி ஓடுகிற சத்தம் சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புருஷன் நெஞ்சு சரியாக அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒருநாள்கூடக் கேட்டு வைத்ததில்லை. அடிக்கிறது. வேகமாகவா, மெதுவாகவா, எதை வைத்துச் சொல்வது. இரண்டு அடித்து ஒன்று தள்ளி அடிக்கிற மாதிரி இருந்தது. அல்லது அந்தத் தள்ளி அடித்தது என்னுடையது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை, நான் காத்திருந்தேன், வரவில்லை, இன்னும் வரவில்லை, டப்பாவில் அத்தனை மாத்திரை இருக்கிறது, ஒன்றே ஒன்று போதும் இன்றைக்கு, நாளைய மாத்திரையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், எழுப்பி நீட்டினால் வாங்க மாட்டார், கெஞ்சினால் வாங்க மாட்டார், அழுதால் எழுந்து போய்விடுவார், எந்தச் சொல்லுக்கு இந்த மனுசன் வாயைத் திறப்பார். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "ஏனுங்க, பாவு வந்திருச்சுங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மூச்சு ஒரு பெரிய இழுப்பாக வெளியே வந்தது, கண் திறந்தது, திறந்தபோதே அதில் தூக்கம் இல்லை. "எங்க?" என்றார். "தெருமொனைல வண்டி நிக்குதாமா. சந்துக்குள்ள திருப்ப முடியலையாம்." இவ்வளவு பொய் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினார். கையை ஊன்றாமல் எழுந்தார், மாசிக்குப் பிறகு அப்படி எழுந்து நான் பார்க்கவில்லை. தொட்டியில் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே மாடக்குழிப் பக்கம் போய் டப்பாவைத் திறந்தார், அட்டையில் இருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. நான் சொல்லவில்லை, கேட்கவில்லை, அவராகவே. "எத்தன பாவு?" என்றார். "ரெண்டு" என்றேன். ஒன்று என்று சொல்லியிருக்கலாம். ஒன்று என்றாலே முழுங்கியிருப்பார். "ரெண்டா" என்று சிரித்தார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டீ வேண்டாம், இழை பிணைக்க ஆள் சொல்லிட்டு வந்தர்றேன். சாயங்காலம் முட்ட வாங்கிட்டு வர்றேன், கொழம்பு வை" என்று சொல்லி வெயிலில் இறங்கினார். அப்போதுதான் எனக்கு அடுத்தது உறைத்தது. அவர் சும்மா போக மாட்டார். கோயில் வாசலில் நின்று, "டேய், பாவு வந்திருக்குதாமா, தூங்கறீங்க" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ செருப்பைத் தேடினார்கள். ஒரு பொம்பளைக் குரல், தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க என்றது. "யாருது வண்டி?" "யாருதா இருந்தா என்ன, வாடா." "நமக்கும் இருக்குமாண்ணா?" "அர்த்தநாரிக்கே ரெண்டுன்னா நமக்கு ஒண்ணாச்சும் இல்லாமயா போயிரும்" என்று இவர் பெயரைச் சொன்னது ஒரு குரல். மத்தியானம் படுத்திருந்த ஆம்பளைகள் எல்லாம் தெருமுனைக்குப் போகிறார்கள், வைகாசி வெயில், செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து முனை வரைக்கும் போய் நின்றது. அங்கே ரோடு காலியாக இருக்கும். அதை இவர்தான் முதலில் பார்ப்பார். எத்தனை நேரம் பார்ப்பார்கள், யார் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள், யார் சொன்னது என்று எப்போது கேட்பார்கள், கேட்டதும் இவர் நெஞ்சு என்ன செய்யும், ஒரு மாத்திரை அதற்குத் தாங்குமா. ருக்குமணி அவள் வாசலில் வந்து நின்று, "என்னக்கா, நெசமாவா? எங்களுதுக்கும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் தறி ஓட்ட ஆள் இல்லை, அப்படியும் கேட்டாள். உள்ளே வந்து ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன், கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டேன், தாழ்ப்பாள் போட்ட கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.